கொல்லையெல்லாம் பார்த்தீனியம்: மேய்ச்சல் நிலத்தை மீட்பது எப்படி? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வேலூர், குடியாத்தம், ஒடுகத்தூர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே மேய்ச்சல் நிலத்தைப் பற்றியவை. முதல் கேள்விக்குப் பதில் நீளம், அதில் சொன்னதை மற்றவர்களுக்குத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் எல்லோரும் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை, செம்மண். அப்பா காலத்தில் கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டோம். உழவை விட்டுப் பல வருஷம் ஆகிறது, மாடும் ஆடும் மேய்கிறது. முன்பு நல்ல புல் இருந்தது. இப்போது பாதி பார்த்தீனியம், மீதி துத்தி, நாயுருவி, ஆவாரை, வரப்பில் சீமைக்கருவேலம். இரண்டு கறவை, நாலு கன்று, பதினைந்து ஆடு இருக்கிறது. மருந்து அடித்து மொத்தமாகச் சுத்தம் செய்துவிட்டுப் புல் விதைக்கலாமா? எந்த மருந்து வாங்கட்டும்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, மருந்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் புல் எங்கே போனது என்று பார்ப்போம். வருஷம் முழுக்க அதே மூன்று ஏக்கரில் அத்தனை உருப்படியும் மேய்ந்தால், மாடு எதைக் கடித்ததோ அது தேய்ந்தது, எதைத் தொடவில்லையோ அது பெருகியது. கொழுக்கட்டைப்புல் துளிர்க்கிற நேரத்திலேயே ஆடு அடியோடு கரும்பிவிடும், இலை இல்லாமல் வேருக்குச் சத்து போகாது, குத்து சிறுத்துச் சிறுத்து ஒரு கோடையில் செத்துப்போகும். அது விட்ட இடத்தில் வெறும் மண். அடுத்த மழையில் அங்கே முதலில் முளைப்பது பார்த்தீனியம்தான். ஒரு செடி பல ஆயிரம் விதை போடுகிறது, அந்த விதை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. அதனால் நீங்கள் எதை அடித்து அழித்தாலும் அந்த இடம் காலியாக இருக்கிறவரை களை திரும்ப வரும். களையை எடுக்கிற அன்றே அந்த இடத்தில் என்ன வளரப்போகிறது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

ஒரு கடப்பாரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வாருங்கள். நன்றாக வளர்ந்த பார்த்தீனியம் ஒன்றை வேரோடு தோண்டி எடுத்துப் பாருங்கள். ஆணிவேர் நேராக இறங்காமல் அரை அடிக்குள்ளேயே பக்கவாட்டில் வளைந்து ஓடியிருந்தால் கீழே மண் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வெற்று இடத்தில் தண்ணீரை ஊற்றுங்கள். உள்ளே போகாமல் ஏடு மாதிரி நின்று ஓரமாக வழிந்தால் மேல்மண்ணும் இறுகிவிட்டது. நம் பக்கத்துச் செம்மண்ணில் மழை அடித்து, வெயில் காய்ந்து, மாட்டுக் குளம்பு மிதித்து இரண்டும் சேர்ந்தே நடக்கும். இந்த மண்ணில் எவ்வளவு நல்ல புல் விதை போட்டாலும் முளைத்து வாடிவிடும்.

மண் பரிசோதனையும் செய்துவிடுங்கள், செலவு மிகக் குறைவு. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் முக்கால் அடி குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே சீராகச் சீவி எடுங்கள். மரத்தடி, வரப்போரம், மாடு கட்டுகிற இடம், எருக்குழிப் பக்கம் இங்கெல்லாம் எடுக்காதீர்கள், கணக்கு தப்பாகிவிடும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, கடைசியில் அரை கிலோ வருகிற மாதிரி துணிப்பையில் கட்டிக் கொடுங்கள்.

அடுத்தது, மூன்று ஏக்கரையும் ஒரே வருஷத்தில் தொடவே தொடாதீர்கள். அத்தனை உருப்படியை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? ஒரு ஏக்கரை மட்டும் வேலி கட்டிப் பிரியுங்கள். ஆடு நுழையாத வேலி வேண்டும், கிளுவைப் போத்து நட்டு நடுவில் முள் அடைத்தாலும் போதும். பிரித்த ஏக்கரில் அடிக்கு ஒரு புல் குத்தாவது உயிரோடு இருந்தால் உழவே வேண்டாம். களையைப் பிடுங்கி, காலி இடத்தைக் கொத்தி விதை தூவி, ஒரு மழைக்காலம் முழுக்க மாட்டை உள்ளே விடாமல் இருந்தால் பாதி வேலையைப் பழைய புல்லே செய்துவிடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த நிலைமை தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன், அதனால் முழு வேலையையும் சொல்கிறேன்.

சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்து மண் பதம் வந்ததும் உளிக்கலப்பை ஓட்டுங்கள், ஒன்றரை அடி இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக. சரிவு இருந்தால் கடைசி ஓட்டு சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும், தண்ணீர் நிற்கும். இது மண்ணைப் புரட்டாது, கீழே இருக்கிற இறுக்கத்தை மட்டும் கீறிவிடும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போட்டு, சாதாரணக் கலப்பையால் ஒரு உழவு. மக்கிய என்பதை அழுத்திச் சொல்கிறேன், பச்சைச் சாணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் அதிலிருக்கிற களை விதையையும் சேர்த்து விதைக்கிறீர்கள்.

இனி அடுத்த மழைக்குக் காத்திருங்கள். பார்த்தீனியம் திமுதிமுவென்று முளைக்கும். பதற வேண்டாம், அது முளைக்கத்தான் வேண்டும். செடி நாலைந்து இலையோடு தரையில் ஒட்டிப் படர்ந்திருக்கும்போது கல்டிவேட்டரை மேலாக, இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். ஆழமாக ஓட்டினால் கீழே தூங்குகிற விதையை மேலே கொண்டுவந்துவிடுவீர்கள். வைகாசி, ஆனியில் மழை கிடைக்கிறபடி இதை இரண்டு முறை செய்தால் மேல்மண்ணில் இருக்கிற விதையில் பெரும்பகுதி முளைத்து அழிந்துவிடும். கோரை இருக்கிற திட்டுகளில் மட்டும் நல்ல வெயிலில் கிழங்கைத் தோண்டிப் பொறுக்கி எடுங்கள், அதைக் கலப்பையால் அறுத்தால் கொல்லை முழுக்கப் பரவும்.

ஆடி தொடக்கத்தில் சணப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, கம்பு எல்லாம் கலந்து நெருக்கமாக விதையுங்கள். கொளுஞ்சி விதை கிடைத்தால் அதையும் சேருங்கள், நம் மேட்டு நிலத்துக்கு அது சொந்தச் செடி மாதிரி. இந்தப் பயிர் நெருக்கமாக எழுந்து நிழல் கட்டினால் கீழே முளைக்கிற களை வெளிறிப்போகும். 45, 50 நாளில் சணப்பு பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். இரண்டு பக்கம் ஆதாயம், களையும் அடங்குகிறது, மண்ணுக்குத் தழையும் கிடைக்கிறது. மாட்டுக்குக் கொஞ்சம் அறுத்துப் போட்டால் தப்பில்லை, ஆனால் முழுக்க அறுத்துவிட்டால் இந்த வேலையே வீண்.

மடக்கியது மக்க இரண்டு வாரம் விட்டு, புரட்டாசியில் புல் விதைப்பு. வடகிழக்குப் பருவமழை வருகிற நேரம், செடி வேர்விட ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரம் கிடைக்கும். உங்கள் மானாவாரிக் கொல்லைக்கு என் தேர்வு நீலக் கொழுக்கட்டைப்புல்லும், முயல் மசால் என்கிற பயறுவகைத் தீவனச் செடியும். மூன்று வரிசை புல், ஒரு வரிசை மசால். கம்பு நேப்பியர் தீவனப்புல்லைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், பாசனம் இல்லாமல் அது நிற்காது. கொழுக்கட்டை ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. முயல் மசால் வரிசை விதைப்பு என்றால் இந்தக் கலப்புக்கு ஒரு கிலோ போதும்.

விதையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொழுக்கட்டை விதை அறுத்த உடனே முளைக்காது, ஆறு முதல் எட்டு மாதம் உறக்கத்தில் இருக்கும், அதனால் பழைய விதையாகக் கேட்டு வாங்குங்கள். புது விதைதான் கிடைத்தது என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து 48 மணி நேரம் ஊறவைத்து விதைக்கலாம். பஞ்சு மாதிரி இருக்கும், காற்றில் பறக்கும், ஈர மணலில் பிசறி விதையுங்கள். முயல் மசாலுக்குத் தோல் கெட்டி. கொதிநீரில் போடாதீர்கள், வெந்துவிடும். 80 டிகிரிச் சூட்டில் நாலைந்து நிமிஷம் வைத்து, வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்தி ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து விதையுங்கள். இரண்டு விதையும் அரை அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று வந்தால், செம்மண்ணில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், கடைசி உழவில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். மசால் காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கும், ஆனால் மணிச்சத்து இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது.

முளைத்த முதல் மாதம் கை களை எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். புல் மெதுவாகத்தான் வரும், பார்த்தீனியம் முந்தும். இரண்டு முறை எடுத்துவிட்டால் அப்புறம் புல் குத்து கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 75 நாள் வாக்கில் முதல் அறுப்பு, தரையிலிருந்து ஒரு கை அகலம் விட்டு அறுங்கள். மாட்டை எப்போது உள்ளே விடலாம் என்று கேட்பீர்கள். ஒரு குத்தின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்து, மாடு வெடுக்கென்று இழுக்கிற மாதிரி இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையில் வந்தால் வேர் பிடித்துவிட்டது. குத்தே ஆட்டம் கண்டால் இன்னும் பொறுக்க வேண்டும். எப்படியும் முதல் வருஷம் அறுத்துப் போடுவதுதான் நல்லது, மேய்ச்சல் இரண்டாம் வருஷத்தில். அப்போதும் அந்த ஏக்கரை நாலாகப் பிரித்து, புல் முழங்கால் உயரம் வந்த பங்கில் விட்டு, ஒரு கை அகலம் மீதி இருக்கும்போதே வெளியே ஓட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஓய்வு. அடுத்த வருஷம் இரண்டாவது ஏக்கர்.

இப்போது மருந்து. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் புல்லும் சேர்ந்து சாகும். அதோடு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2022ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. 2,4-டி புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், ஆனால் முயல் மசாலும் அகன்ற இலைதான், அதையும் கொல்லும். காற்றில் பறந்தால் பக்கத்துக் கொல்லைக்காரரின் தக்காளி, பருத்தி சுருண்டுவிடும், வீண் சண்டை. மூன்று ஏக்கருக்கு, அதுவும் ஆடு மாடு மேய்கிற இடத்துக்கு, இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

கேள்வி: அண்ணா, மழைக்காலத்தில் எங்கள் மாட்டுப் பால் கசக்கிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேய்ச்சலில் பார்த்தீனியம் இருக்கிறது. அதைப் பிடுங்கப் போனால் எனக்குக் கை, கழுத்தெல்லாம் அரிப்பு.
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: இரண்டுக்கும் அதுதான் காரணமாக இருக்கும் அம்மா. நல்ல தீனி கிடைக்கிற மாடு பார்த்தீனியத்தைத் தொடாது, பசியோடு போகிற மாடுதான் கடிக்கும், கடித்தால் பாலில் கசப்பு இறங்கும். அதனால் மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் வைக்கோலோ தட்டையோ போட்டு அனுப்புங்கள். கசப்புக்கு மடிநோயும் காரணமாகலாம், மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அரிப்பு வந்த நீங்கள் இனி அதைப் பிடுங்கவே கூடாது. சிலருக்கு ஒவ்வாமை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகும், மூச்சுத்திணறலும் வரும். ஒவ்வாமை இல்லாதவர்கள் முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மழை பெய்த மறுநாள், பூ வருவதற்கு முன்னால் பிடுங்கட்டும், ஈர மண்ணில் வேரோடு வரும். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம், வெள்ளைப் பூ வந்துவிட்டால் குழிக்குக் கொண்டுபோகாதீர்கள், தனியாகக் குவித்துக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீர் அடித்தால் பார்த்தீனியம் சாகும் என்கிறார்களே, செய்யலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: சாகும். ஒரு லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு, நல்ல வெயிலில், பூக்குமுன் இலை முழுக்க நனைகிற மாதிரி. ஆனால் இது ரோட்டோரத்துக்கும் வீட்டைச் சுற்றிய காலி மனைக்கும் உள்ள வைத்தியம். பத்து லிட்டர் டேங்க் ஒன்றில் இரண்டு கிலோ உப்பு போகிறது, ஒரு ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று கணக்குப் போடுங்கள். அத்தனை உப்பையும் புல் வளரவேண்டிய மண்ணில் கொட்டக் கூடாது.

மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையில் வெளிர் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984ல் பெங்களூரில் விட்ட வண்டு அது, இதன் இலையைத் தின்றே வாழ்கிறது. கோடையில் மண்ணுக்குள் போய்விடும், மழை வந்தால் திரும்ப வரும். அது ஒன்றே கொல்லையைச் சுத்தமாக்கிவிடாது, செடி பூப்பதைக் குறைக்கும், அந்த அளவுக்கு உதவி.

கேள்வி: சீமைக்கருவேலங்காய் ஆடு மாட்டுக்கு நல்ல தீனி என்று விட்டுவைத்திருக்கிறோம். சரியா?
– வாசகர், கே.வி.குப்பம்

பதில்: காய் இனிப்பு, சத்தும் உண்டு. ஆனால் விதை வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, அந்தச் சாணமே உரமாக, மேய்கிற இடமெல்லாம் முளைக்கிறது. காய் வேண்டுமென்றால் பொறுக்கிக் காயவைத்து விதையோடு அரைத்து, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். அதையே முழுத் தீனியாகப் பல நாள் தின்ற மாட்டுக்குத் தாடையும் நாக்கும் செயலிழந்து மெல்ல முடியாமல் போனதுண்டு. மேய்ச்சல் நிலத்தில் நிற்கிற மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளையாக வரும். மழை முடிந்த ஈரத்தில் வேர்க்கழுத்தோடு தோண்டி எடுங்கள், குழியை மூடி அன்றே அங்கே ஒரு பிடி புல் விதை போடுங்கள். கன்று உள்ளங்கை உயரத்தில் இருக்கும்போது கையால் பிடுங்குவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

கேள்வி: மலையடிவாரத்தில் மேயும் எங்கள் மாட்டுக்குக் கண் மஞ்சளாகி, மூக்கிலும் காதிலும் தோல் உரிகிறது. அங்கே உண்ணிச்செடி நிறைய.
– வாசகர், அணைக்கட்டு

பதில்: ஐயா, இதைப் படிக்கிற நேரத்தில் மாட்டை நிழலுக்குள் கட்டிவிட்டு முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். உண்ணிச்செடி இலை கல்லீரலைக் கெடுக்கும், அப்புறம் வெயில் பட்ட இடத்தில், குறிப்பாக வெள்ளைத் தோலில், புண்ணாகி உரியும். வறட்சியில் வேறு பச்சை இல்லாதபோதும், வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாடு செடி பழகாமலும்தான் இதை அதிகம் தின்னும். செடியை வெட்டி அங்கேயே போடாதீர்கள், வாடிய இலையிலும் விஷம் இருக்கிறது. உங்கள் பட்டா நிலத்தில் இருப்பதை வேரோடு எடுங்கள், காப்புக்காட்டில் இருப்பதில் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஆம்பூர் பக்கம், பாலாற்றை ஒட்டிய நிலம். தோல் தொழிற்சாலைத் தண்ணீர் பாய்ந்து வெள்ளை பூத்துக் கிடக்கிறது. புல் வளர்த்து மாடு விடலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உங்கள் கேள்வி மனதைச் சங்கடப்படுத்தியது. இந்தப் பாதிப்புக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று. மண் இன்னும் தேறாத இடங்கள் இருக்கின்றன. முதலில் மண், கிணற்றுத் தண்ணீர் இரண்டையும் பரிசோதியுங்கள், உப்பு, கார அமில நிலை, சோடியம், இவற்றோடு குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சோடியம்தான் பிரச்சினை என்றால் ஆய்வகம் சொல்கிற அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிய விட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது சில வருஷத்தில் மீட்கலாம். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது பணத்தைக் கொட்டுவதுதான். குரோமியம் அதிகம் என்று வந்தால் அங்கே தீவனம் வேண்டாம், மாட்டையும் விடாதீர்கள். வேலிக்கும் விறகுக்கும் மரம் வளர்க்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கு முழுக்க முள்ளும் பார்த்தீனியமும். யாரும் கவனிப்பதில்லை, என்ன செய்யலாம்?
– வாசகர், வடுகந்தாங்கல்

பதில்: தனியாளாகக் களை எடுத்தால் அடுத்த வாரமே எல்லோர் ஆடும் அதில் நிற்கும். அதனால் முதலில் மேய்ப்பவர்களைக் கூட்டி, எந்தப் பங்கை எத்தனை மாதம் அடைப்பது என்று பேசி முடியுங்கள், பட்டி வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொள்ளாமல் இது நடக்காது. ஊர் பேசி முடித்ததை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடக்கிற கிராம சபை ஒன்றில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். கால் பங்கில் தொடங்குங்கள். அடைத்த பங்கில் புல் எழுந்ததை எல்லோரும் பார்த்துவிட்டால் அடுத்த பங்குக்கு நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்காது. கோடையில் ஊர் ஆடுகளையே ராத்திரிக்கு ராத்திரி இடம் மாற்றிப் பட்டி அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், வண்டிச் செலவும் இல்லை.

கேள்வி: கொழுக்கட்டை, முயல் மசால் விதை எங்கே கிடைக்கும்? கடையில் வாங்கியது முளைக்கவில்லை.
– வாசகி, ஆற்காடு

பதில்: விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையில். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலும் சொல்லி வையுங்கள், மானிய விதை வந்தால் தெரிவிப்பார்கள். எங்கே வாங்கினாலும் விதைப்புக்கு மூன்று வாரம் முன்னதாகவே வாங்கி, மேலே சொன்ன நேர்த்தி செய்து, நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் பிரித்து எண்ணுங்கள். கொழுக்கட்டையில் முப்பதுக்கு மேல், மசாலில் நாற்பதுக்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை, நெல் மாதிரி எண்பது தொண்ணூறு எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் கீழே என்றால் பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.